எக்கோத் தோப்புக்கு ஏஜென்சி யார்?

அண்ணை: சரி, ஏஜென்சிக்காரன் எவ்வளவு கேட்கிறான்?

தம்பி: எந்த ஏஜென்சி அண்ணை?

அண்ணை: வந்து இறங்கின நேரம் தொடக்கம் ஒரு நாட்டைப் பற்றியே கதைக்கிறாய். புகை இல்லை, பட்டணத்துக்குள் கார் இல்லை, கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை என்கிறாய். அங்கே ஆள் அனுப்புகிறவன் யார் என்று கேட்டேன்.

தம்பி: ஐயோ, எக்கோடோப்பியாவுக்குப் போக முடியாது.

அண்ணை: விசாவை இறுக்கிவிட்டார்களோ?

தம்பி: அது நாவல் அண்ணை. ஏர்னஸ்ட் கலன்பாக் என்ற அமெரிக்கர் 1975இல் எழுதியது. வட கலிபோர்னியாவும் ஒறிகனும் வாஷிங்டன் மாநிலமும் 1980இல் அமெரிக்காவை விட்டுப் பிரிந்து தனி நாடாகின்றன.

அண்ணை: பிரிந்துபோக விட்டார்களோ?

தம்பி: கதையில் விட்டார்கள்.

அண்ணை: (சொலூசன் ரியூபின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தபடி) கதையில்தான் விடுவார்கள். மேலே சொல்லு.

(இது அண்ணையின் சைக்கிள் திருத்தும் கடை. என் சைக்கிளின் பின் ரயருக்காக நான் பக்கத்து வாங்கில் இருந்தேன். தம்பியின் மோட்டார் சைக்கிள் எனக்குப் பிறகு வந்தது. ஆனால் பின்னேரம் சனசமூக நிலையத்தில் சுற்றாடல் தினப் பேச்சாம், அவசரமாம். அதனால் அவருடைய ரயர்தான் முதலில் கழன்றது. நான் எழுதுவதில் அந்த எரிச்சலும் கொஞ்சம் இருக்கும், வாசிக்கிறவர்கள் கழித்துக்கொள்ளவும்.)

தம்பி: பிரிந்தபிறகு எல்லையை மூடிவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து முறைப்படி யாரும் உள்ளே போவதில்லை. 1999இல் வில்லியம் வெஸ்டன் என்ற நிருபர் போகிறார். அவர் எழுதி அனுப்பும் செய்திகளும் அவருடைய நாட்குறிப்பும்தான் நாவல்.

அண்ணை: இந்த எக்கோத் தோப்பு...

தம்பி: எக்கோடோப்பியா.

அண்ணை: தோப்பு என்று பெயரிலேயே இருக்கிறது, நீ ஏன் அதை உடைக்கிறாய்? அங்கே கார் இல்லையென்றால் சனம் எதில் போகிறது?

தம்பி: தூரத்துக்கு ரயில். நகரத்துக்குள் சின்ன மின்சார பஸ், இல்லாவிட்டால் சைக்கிள். வெள்ளை நிறச் சைக்கிள்கள் தெருவில் நிற்கும். யாரும் எடுக்கலாம். போகிற இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். காசில்லை, பூட்டில்லை.

அண்ணை: பூட்டில்லையோ?

தம்பி: இல்லை.

அண்ணை: இங்கே வெள்ளைச் சைக்கிளை இரவு நிறுத்தினால் விடியக் கறுப்பாகியிருக்கும். பெயின்ற் அடிக்க என்னிடமே கொண்டுவருவார்கள். சரி, அது கிடக்கட்டும். பஞ்சர் யார் ஒட்டுகிறது?

தம்பி: எதற்கு?

அண்ணை: ஊர்ச் சைக்கிள் எல்லாருடையதும் என்றால் ரயரில் ஆணி ஏறினபிறகு அது யாருடையது? உன்னுடையது என்று உனக்குத் தெரியும், அதனால் இவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வந்தாய். அந்த வெள்ளைச் சைக்கிளை யார் உருட்டுகிறான்?

தம்பி: அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கும்.

அண்ணை: ஏற்பாடு என்றால் ஒரு ஆள். அவனுக்கும் இருபது மணித்தியாலம்தானோ? வெள்ளிக்கிழமை மத்தியானம் பஞ்சரானால் திங்கள் வரை காத்து நிற்கிறதோ?

தம்பி: நீங்கள் சின்ன விசயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் சந்தை வீதியைக் கேளுங்கோ. நாவலில் அந்தப் பெருவீதியின் தாரையெல்லாம் பெயர்த்துவிட்டு மரம் நட்டிருக்கிறார்கள். நடுவே ஓடை ஓடுகிறது.

அண்ணை: எங்கள் சந்தைக்கு முன்னாலும் மாரியில் ஓடை ஓடுகிறது. போன காத்திகையில் என் ஒரு செருப்பை அது கொண்டுபோனது. பதிலுக்கு ஏழெட்டுச் சொப்பிங் பை கொண்டுவந்து தந்தது.

தம்பி: அங்கே மனிதக் கழிவைக்கூட வீணாக்குவதில்லை. உரமாக்கி வயலுக்குப் போடுகிறார்கள். எடுத்தது எல்லாம் மண்ணுக்கே திரும்பிப் போகவேண்டும் என்பதுதான் அவர்களுடைய கொள்கை.

அண்ணை: இங்கேயும் திரும்பி வருகிறது. நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், வெடிப்பும் துவாரமும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இடைவெளி விட யாருக்குக் காணி இருக்கிறது? பரம்பரைக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இப்போது அண்ணன்காரன் குழியும் தம்பிக்காரன் கிணறும் முகம் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. மண்ணுக்குப் போகிறவரை பொறுக்காது தம்பி. நேரே தேநீருக்கு வந்துவிடும்.

(தம்பி தேநீர்க் கோப்பையை வாங்கில் வைத்தார். எனக்கும் அதற்குப் பிறகு குடிக்க மனம் வரவில்லை.)

தம்பி: அதனால்தான் இந்த நாவலைப் பேச எடுத்தேன். எங்கள் சனத்துக்கு இதெல்லாம் தெரியாது.

அண்ணை: எது தெரியாது?

தம்பி: கார் இல்லாமல், பிளாஸ்ரிக் இல்லாமல், தேவைக்கு மேல் எதுவும் எரிக்காமல் ஒரு சமூகம் வாழலாம் என்பது.

அண்ணை: நீ எந்த வருசம் பிறந்தாய்?

தம்பி: 1997.

அண்ணை: அதுதான். யுத்தத்தில் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடை, பற்றரி தடை, சீமெந்து தடை. உன் வெஸ்டன் 1999இல் போய்ப் பார்த்ததை நாங்கள் அதற்கு முதலே நடத்திக் காட்டினோம். ஊர் முழுக்கச் சைக்கிள். மாப்பிள்ளை சைக்கிளில் போனார், செத்தவீட்டுக்குச் சைக்கிளில் போனோம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் ஒரு துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை ஏமாற்றிப்போட்டு மண்ணெண்ணெயில் ஓடினான். அதுகூடப் பணக்காரனுக்குத்தான்.

தம்பி: அது வேறு...

அண்ணை: பொறு. இரவில் விளக்கு எது? ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சு நனையத்தக்கதாக எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்றைக்கு டொக்டர். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றினால் டைனமோவில் மின்சாரம் வரும். பிபிசி தமிழோசை முடியும்வரை நான் சுற்றுவேன், அப்பா கேட்பார். சுற்றுவது தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவருக்கு மூச்சு நின்றதுபோல இருக்கும், அப்பா ஏசுவார். உன் எக்கோத் தோப்பில் இப்படி ஒரு மின்சாரம் இருந்ததோ?

தம்பி: சூரிய சக்தி இருந்தது.

அண்ணை: எங்களிடம் நான் இருந்தேன். சவர்க்காரம் தட்டுப்பாடு, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப் போட்டால் மாடு வந்து சேட்டைச் சப்பும். என் கலியாணச் சேட்டின் கழுத்துப்பட்டியை ஒரு பசு தின்றது. இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தோம் என்று பின்னேரம் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்.

தம்பி: (கொப்பியை எடுத்து) உண்மையாகவே நல்ல குறிப்பு அண்ணை. அப்போது எங்கள் சமூகம் தன்னையறியாமலேயே ஒரு இலட்சிய வாழ்க்கை...

அண்ணை: எழுதாதே.

தம்பி: ஏன்?

அண்ணை: என் தங்கைக்கு இரவு பத்து மணிக்கு வயிற்றுக்குத்து வந்தது. தலைப்பிள்ளை. கரியரில் தலையணை கட்டி இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் அவள் என் முதுகில் நகத்தால் கோடு போட்டாள். அந்த நேரம் ஒருவன் மறித்து, "சைக்கிள் சுற்றாடலுக்கு நல்லது" என்று சொல்லியிருந்தால் பம்மைக் கழற்றி மண்டையில் போட்டிருப்பேன்.

(கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அண்ணை ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்த்தார். ஒரு குமிழி வந்தது.)

அண்ணை: இன்னொரு ஓட்டை இருக்கிறது.

தம்பி: உங்கள் கதையிலா?

அண்ணை: உன் ரியூபில். கதையிலும் இருக்கும். இவ்வளவு பட்டோம். 2002இல் தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 பாதை திறந்ததும் என்ன செய்தோம்? ஓலைப் பையை எறிந்துவிட்டுப் பொலித்தீனை அள்ளினோம். கிடுகு வேலி வெட்கமாகப் போய்விட்டது, ஆளுயர மதில். உன் மாமா மதில் கட்ட எத்தனை பனை தறித்தார்?

தம்பி: நான்கு. அனுமதி எடுத்துத்தான் தறித்தார்.

அண்ணை: அனுமதி அவரிடம் இருக்கிறது, சரி. பனை?

தம்பி: நாவலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீடு கட்ட மரம் வேண்டுமென்றால் முதலில் காட்டு முகாமுக்குப் போய் உடம்பு வளைத்து வேலை செய்யவேண்டும். மரம் நடவேண்டும்.

அண்ணை: அப்பாடா, இவ்வளவு நேரத்துக்கு ஒரு நல்ல சட்டம் சொன்னாய். உன் மாமாவுக்கு வடலி நட்டு, அது பனையாகி, பேந்து மதில் கட்டுகிறதென்றால் பேரன்தான் சுண்ணாம்பு அடிப்பான். அங்கே யார் ஆட்சி?

தம்பி: பெண்கள் முன்னிற்கும் கட்சி. ஜனாதிபதியும் பெண்.

அண்ணை: உங்கள் சனசமூக நிலையக் குழுவில் எத்தனை பெண்கள்?

தம்பி: ஒருவர்.

அண்ணை: என்ன பதவி?

தம்பி: இன்றைக்கு... சிற்றுண்டி.

(இதற்கு அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் ஊர்க் கோயில் சபையில் அந்த ஒருவர்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.)

அண்ணை: அது கிடக்கட்டும். பெற்றோல் ராங்கிக்கு மேல் பெட்டியில் என்ன?

தம்பி: தண்ணீர்ப் போத்தல். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு.

அண்ணை: எத்தனை?

தம்பி: நாற்பத்தெட்டு. சின்னப் போத்தல்தான்.

அண்ணை: பின்னால் உருட்டிக் கட்டியிருப்பது?

தம்பி: பிளெக்ஸ் பதாகை. "பிளாஸ்ரிக்கை ஒழிப்போம்."

அண்ணை: பிளாஸ்ரிக்கில் அடித்தால்தான் மழைக்குக் கரையாது. சாப்பாடு?

தம்பி: பார்சல்.

அண்ணை: எதில் சுற்றினது?

தம்பி: அண்ணை, கடைக்காரன் எதில் சுற்றுகிறான் என்று நான் போய்ப் பார்க்கிறதோ?

அண்ணை: லஞ்ச் சீற், சோறு சுற்றுகிற பொலித்தீன் தாள். 2017இலேயே தடை செய்த சாமான். வாழைக்குலை விற்கிற ஊர், இலைக்குப் பஞ்சமோ? சரி, 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்றுவிட்டு என்னிடம் ஓடிவந்து ஒரு சைக்கிள் வாங்கினாயே. அது எங்கே?

தம்பி: வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது.

அண்ணை: ஓடுகிறதோ?

தம்பி: கோழி அடைகிறது.

அண்ணை: அந்தக் கோழி ஒன்றுதான் உங்கள் வீட்டில் எக்கோத் தோப்புக்காரி. அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவிடு.

தம்பி: எல்லாவற்றையும் நக்கலடித்தால் ஒன்றும் மாறாது அண்ணை. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு எப்படி வாழலாம் என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார். ஆலமரம் என்று ஒரு பதிப்பகத்துக்குப் பெயர் வைத்துத் தானே பதிப்பித்தார். பிறகு உலகம் முழுக்க வாசித்தார்கள்.

அண்ணை: நான் அவரை நக்கலடிக்கவில்லை. அந்த மனிதர் கெட்டிக்காரன். விரும்பி விடலாம் என்று எழுதினார். எங்களிடம் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை, பறித்தார்கள். அதனால்தான் திரும்பக் கிடைத்ததும் பட்டினி கிடந்தவன் பந்தியில் விழுந்ததுபோல விழுந்தோம். அங்கே பார், அந்த வளவை.

(கடைக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி. சொந்தக்காரர்கள் கனடாவில். ஒழுங்கை முடக்கில் இருப்பதால் ஊரவர்கள் இரவில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, இறங்காமலேயே பையை எறிந்துவிட்டுப் போவார்கள். பழைய பம்பஸ், கோழி இறகு, மீன் செதில், உடைந்த தலைக்கவசம். "இங்கே குப்பை போடவேண்டாம்" என்று அண்ணை ஒரு பலகை எழுதி நட்டார். மறுநாள் பலகையின் ஆணியில் ஒரு பை தொங்கியது. நான் கண்ணால் பார்த்தது.)

தம்பி: பிரதேச சபை அள்ளவேண்டும்.

அண்ணை: அள்ளுகிறார்கள். அள்ளின இடம் துப்புரவாக இருப்பதால் மறுபடி போட வசதியாக இருக்கிறது. இந்தா, ஒட்டியாயிற்று. அந்த நிருபர் கடைசியில் என்ன எழுதினார்? நாடு நல்லதோ கூடாததோ?

தம்பி: அவர் திரும்பவில்லை.

அண்ணை: என்ன?

தம்பி: அங்கேயே தங்கிவிடுகிறார். மரிசா என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் காதலித்து...

அண்ணை: விசிற்றில் போனவனோ?

தம்பி: அப்படித்தான் சொல்லவேண்டும்.

அண்ணை: போன இடத்தில் பெண் எடுத்து, நின்றுவிட்டான்?

தம்பி: ஓம்.

அண்ணை: நாவல், போக முடியாது, ஏஜென்சி இல்லை என்றெல்லாம் சொன்னாயே! என் மச்சாள் மகன் பாரிசில் இதைத்தான் செய்தான். அவனுக்கு மூன்று வருசம் கேஸ் நடந்தது. வெஸ்டனுக்கு உடனே கார்ட் கொடுத்துவிட்டார்களோ?

தம்பி: நான் வருகிறேன் அண்ணை. எவ்வளவு?

அண்ணை: இரண்டு ஒட்டு. இருநூறு தா. காற்றுக்கு வேண்டாம், அது இயற்கை.

(தம்பி காசு கொடுத்தார். தண்ணீர் விடாய்த்திருக்கவேண்டும், பெட்டியைக் கிழித்து ஒரு போத்தலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வெறும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போத்தலைச் சேட்டுப் பையில் செருகிக்கொண்டு புறப்பட்டார். ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிளின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு உயர்ந்தது. அண்ணை எழுந்து நடந்துபோய், குனிந்து, போத்தலோடு திரும்பி வந்தார்.)

அண்ணை: (என்னிடம்) எக்கோத் தோப்பில் இதை யார் பொறுக்குகிறான் என்று கேட்க மறந்துவிட்டேன். கொண்டுவாரும் உம்முடைய ரயரை.