சோளத்தில் செய்ததென்றால் கடலில் கரைந்துவிடுமா?

"தாவரத்தில் செய்தது, இயற்கைக்குக் கேடில்லை" என்று அச்சிட்ட கோப்பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எதில் செய்தார்கள் என்பதைச் சொல்லி, எங்கும் மக்கிவிடும் என்று நம்மை நம்பவைக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. பிரேசிலில் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பெருமளவில் பாலித்தீன் தயாராகிறது. பெட்ரோலியப் பாலித்தீனின் அதே மூலக்கூறுதான் அதுவும். கடலில் விழுந்தால் அதே ஆயுள்தான்.

அந்தக் கோப்பைகள் பெரும்பாலும் பிஎல்ஏ என்னும் பாலிலாக்டிக் அமிலத்தில் ஆனவை. மூலப்பொருள் சோள மாவு அல்லது கரும்புச் சர்க்கரை. அதன் நீண்ட சங்கிலிகளை முதலில் தண்ணீர் அறுத்துச் சிறிதாக்க வேண்டும். அதன்பிறகுதான் நுண்ணுயிர்கள் நன்றாகத் தின்னும். அந்த அறுப்பு விரைவாக நடக்க 60 டிகிரி செல்சியசை ஒட்டிய சூடு வேண்டும். குப்பையை மக்கவைத்து உரமாக்கும் பெரிய ஆலைகளில் அது உண்டு. நம் வங்கக் கடலின் மேல்நீர்கூட 30 டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஆழ்கடலோ கிட்டத்தட்ட உறைநிலைக் குளிர்.

கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவன ஆய்வாளர்கள் துணித் துண்டுகளைக் கடல்நீரில் போட்டு வைத்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. மரக்கூழில் செய்த செல்லுலோஸ் துணி ஒரு மாதத்துக்குள் சிதைந்துபோனது. பிஎல்ஏ துணியோ 428 நாட்களுக்குப் பிறகும் சிதையவில்லை. இரண்டுமே தாவரத்திலிருந்து வந்தவை! ஆனால் செல்லுலோஸைச் செரிக்கும் நொதிகள் கடல் நுண்ணுயிர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

கடலில் உண்மையாகவே மக்கும் பிளாஸ்டிக் இல்லாமல் இல்லை. பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள் சேமிப்பு உணவாக வைத்துக்கொள்ளும் பிஎச்ஏ என்னும் பிளாஸ்டிக் வகையைக் கடல் பாக்டீரியாக்களும் உண்ணுகின்றன. அந்த வகையில் ஒன்றை பிரெஞ்சு அறிவியலாளர் மொரிஸ் லெமுவான் 1926இலேயே கண்டறிந்துவிட்டார். விலைதான் இன்னும் தடையாக இருக்கிறது. அதுவும் தடிமனான பொருளாக இருந்தால் மெதுவாகத்தான் மக்கும்.

இந்தியாவில் பிளாஸ்டிக் பைகள் குறைந்தது இவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்ற விதி மக்கும் பைகளுக்குப் பொருந்தாது. சான்றிதழ் இருந்தால் போதும். அந்தச் சான்றிதழுக்கான ஐஎஸ்ஓ 17088 என்னும் சர்வதேசத் தரம் உரமாக்கும் சூழலைத்தான் சோதிக்கிறது, கடல்நீரை அல்ல. கடலை ஒட்டி இத்தனை ஊர்கள் உள்ள நாட்டில் இது போதாது. எங்கே, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் மக்கும் என்பதை ஒவ்வொரு பையிலும் கோப்பையிலும் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கடல்நீரில் சோதிக்காத பொருளில் மீனும் அலையும் வரைந்து விற்பதைத் தடைசெய்ய வேண்டும்.