கலர் கூட்டிவிடச் சொல்லி யார் கேட்டது?

தங்கச்சியின் கலியாண அல்பம் போன கிழமைதான் வந்தது. 38 பக்கம். கூறையின் சரிகை தெளிவாக விழுந்திருக்கிறது, சடைநாகத்தில் உள்ள கல்லை எண்ணலாம். தாலி கட்டுகிற படத்தை எடுத்துப் பார்த்தேன். கும்பிட்டபடி இருக்கிற கை அவளுடைய கைதான், நல்ல மண்ணிறம், மருதாணி செக்கச் சிவக்கப் பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். தாடைக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டோடு வெள்ளை முடிந்து கழுத்து தொடங்குகிறது. 27 வருடமாக நான் பார்த்து வளர்த்த பிள்ளை. அந்த முகம் அவளுடையது இல்லை.

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இது எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிற பார்லர். நாங்கள் போனது தலைமுடி பற்றிக் கதைக்க. பால் அறுகு வைத்துத் தலை முழுகின பிறகு இவளுடைய அடர்த்தியான முடி காய எவ்வளவு நேரம் பிடிக்கும், கொண்டை போடுவதா பின்னலா, பூ எங்கே எடுப்பது, இவைதான் எங்கள் கவலை. டிரஸ்ஸிங் செய்கிறவர் அது எதையும் கேட்கவில்லை. தங்கச்சியின் நாடியைப் பிடித்து லைட் பக்கம் திருப்பினார். அவளிடம் ஒரு வார்த்தை கதைக்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பிளைக்குக் கலர் கொஞ்சம் மட்டு. பயப்பிடாதேங்கோ அம்மா, ரெண்டு ஷேட் கூட்டிவிடலாம்."

யார் கேட்டது? யாராவது வாயைத் திறந்து நிறத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்டோமா? அம்மா தலையாட்டினார். கொப்பியில் முதல் வரியாக 'வைட்டனிங் பேக்கேஜ்' என்று எழுதப்பட்டது. 25,000 ரூபா முற்பணம், திருப்பித் தரப்படமாட்டாது.

அவளுக்கு அப்படியே அப்பாவின் நிறம். அப்பா போய் ஐந்து வருடமாகிறது. கன்னிகாதானம் செய்துகொடுக்கக்கூட அவர் இல்லாத மணவறையில், அவரிடமிருந்து அவளுக்கு வந்த ஒன்றைத்தான் குறை என்று எழுதிக் காசு வாங்கினார்கள்.

கலியாணத்துக்கு ஆறு கிழமை இருந்தது. இரவில் பூசச் சொல்லி ஒரு சின்ன வெள்ளை டப்பா கொடுத்தார்கள். பெயர் இல்லை, திகதி இல்லை, யார் செய்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. பத்து நாளில் முகம் வெளுத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கனடாவில் இருக்கிற மாமி வீடியோவில் பார்த்துவிட்டு, "இப்பதான் பிள்ளைக்குக் கலியாணக்களை வந்திருக்கு" என்றார். மாமி இங்கே இருந்தபோது பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவர். சங்கப் பாட்டுகளில் பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமை, மாந்தளிரின் நிறம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நிறம் வெளுத்துப் போவதற்குப் பெயர் பசலை, அது பிரிவில் வருகிற நோய் என்றும் அவர்தான் சொல்லித் தந்தார். அவர் வாயிலிருந்து 'கலியாணக்களை' என்ற அந்தச் சொல் வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் கிழமை அரிப்பு தொடங்கியது. பயந்து இரண்டு இரவு பூசாமல் விட்டாள். இரண்டு கன்னமும் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரிச் சிவந்து, பொடிப்பொடியாகப் பரு எழும்பியது. பஸ் ஹோல்ட்டில் ஐந்து நிமிடம் வெயிலில் நிற்க முடியவில்லை, கண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

தோல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "இதைப் பூசினால் தங்க நகையில் படக்கூடாது என்று யாராவது சொன்னார்களா?" எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார். நிறம் வெளுக்கிற கிரீம்களில் பாதரசம் கலந்து விற்கிறார்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும், அதனால் சில டப்பாக்களில் நகையில் படவிடாதீர்கள் என்று எழுதியிருப்பார்களாம். நகைக்கு ஆகாது என்று எழுதிவிட்டு அதை ஒரு பெண்ணின் தோலில் தேய்க்கச் சொல்கிறார்கள்! தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கிற அந்தப் பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்டு மக்கள் முடமாகிப் போனார்கள். அந்த ஊரின் பெயரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது, இலங்கையும் 2017இல் அதை ஏற்றுக்கொண்டது. கிரீமில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்பது அதில் முதலில் வைத்திருந்த வரம்பு. பெயரே இல்லாத டப்பாவில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று எங்களைப் போன்றவர்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

தங்கச்சியின் முகத்தைப் பார்த்தால் ஸ்டீரொய்ட் மருந்து கலந்த கிரீம் பூசின மாதிரி இருக்கிறது என்றார். பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்றவை எக்ஸிமா என்ற தோல் நோய்க்கு வைத்தியர் கணக்குப் பார்த்துக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கிற மருந்துகள். அதை முகத்தில் தினமும் பூசினால் முதலில் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளிறித் தெரியும். அதைத்தான் நாங்கள் கலர் கூடிவிட்டது என்று கொண்டாடியிருக்கிறோம். போகப் போகத் தோல் மெலியும். நிறுத்தினால் சுருங்கின குழாய்கள் விரிந்து எரியத் தொடங்கும். ஆறுவதற்கு மாதக் கணக்கில் எடுக்கும் என்றார். எங்களுக்கு இருந்தது மூன்று கிழமை.

பார்லருக்குப் போய்ச் சண்டை பிடிக்க வெளிக்கிட்டேன். அம்மா வாசலில் மறித்தார். "இப்ப சண்டை பிடிச்சா அண்டைக்கு ஆர் வந்து வெளிக்கிடுத்துறது?" நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்தான். டப்பாவில் பெயர் இல்லை, கையில் பில்லும் இல்லை.

கலியாணத்தன்று காலை நாலு மணிக்குப் பால் அறுகு வைத்தோம். தலை முழுகி ஈர முடியோடு வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தாலும் அது அவளுடைய முகம். அவளுடைய நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன் ஒன்றை நானே தேடி வாங்கி வைத்திருந்தேன். டிரஸ்ஸிங் செய்கிறவரிடம் கெஞ்சித்தான் கேட்டேன், இதைப் போடுங்கோ என்று. "அது போட்டோவில டல்லா விழும் அக்கா" என்று போத்தலை மூடியோடு ஓரமாக வைத்துவிட்டார். எரிகிற கன்னத்தில் ஸ்பொஞ்சால் தட்டத் தட்ட அவள் சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் வாயைத் திறக்க, அவள்தான் சொன்னாள்: "விடுங்கோ அக்கா. எரியுது, கெதியா முடியட்டும்."

அவ்வளவும் ஒரு போட்டோவுக்காக.

அந்தப் போட்டோவாவது சரியாக வந்ததா? கொழும்பின் புழுக்கத்தில் ஓமப்புகைக்கு முன்னால் இருக்கிற பிள்ளைக்கு வியர்க்காமல் என்ன செய்யும்? கண்ணோரம் முதல் கோடு இறங்கியது. கூறை மாற்ற அறைக்குள் வந்தபோது பார்த்தேன், பிளவுசின் கழுத்தோரம் முழுக்க வெள்ளையாக அப்பியிருந்தது. வெளியில் ஐயர் அவசரப்படுத்துகிறார், கூறையைச் சுற்றி முடிக்கப் பத்து நிமிடம்கூட இல்லை. டிரஸ்ஸிங் செய்கிறவர் வியர்வையை ஒற்றி எடுக்காமல் அதன் மேலேயே இன்னும் பவுடரை அப்பி அனுப்பினார். அப்படியான பவுடர்களில் சிலிக்காவும் டைட்டானியம் டையொக்சைட்டும் இருக்கும், ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அந்தக் கோலத்தில்தான் அவள் கழுத்தில் தாலி ஏறியது, அதுதான் படத்திலும் விழுந்தது.

எங்கள் நிறத்துக்கு ஷேட் இல்லை என்ற கதையை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2017இல் ஃபென்டி என்ற கம்பனியின் ஃபவுண்டேஷன் 40 ஷேட்டோடு வந்தது, அதற்குப் பிறகு மற்றக் கம்பனிகளும் கூட்டிக்கொண்டுதான் போகின்றன. கொழும்பில் தேடியே எனக்கு ஒன்று கிடைத்தது. தாடையோரத்தில் மூன்று ஷேட்டை ஒரு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே பார்க்காமல் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தால் சில கறுத்துப் போகும், எது தோலோடு மறைந்து நிற்கிறதோ அதுதான் அவளுடையது. மேக்கப் தொழில் படித்தவருக்கு இது அரிச்சுவடி. ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிறவர் அந்தப் பத்து நிமிடத்தை என் தங்கச்சிக்குக் கொடுக்கவில்லை, அவளுடைய நிறம் அவருக்கு மறைக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

நேற்று இரவு கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தி கோல் எடுத்தார். அவருடைய மகளுக்குத் தை மாதம் கலியாணம். "தங்கச்சிக்குப் பத்து நாளில வெளுத்ததே, அந்தக் கிரீமின்ர பேர் என்ன?" என்று கேட்டார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். "இவள் கொஞ்ச நாளைக்குத்தானே பூசப்போறாள்" என்றும் சொன்னார்.

டப்பா இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, பாதி மிச்சம். சனிக்கிழமை அதைக் கொண்டு போகிறேன். மூன்றாம் கிழமை தங்கச்சியின் கன்னத்தை எடுத்த படம் போனில் இருக்கிறது, மூடி திறக்காத அந்த ஃபவுண்டேஷன் போத்தலும் இருக்கிறது. முதலில் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு அவளிடம் காட்டுவேன். சித்தியிடம் பிறகு கதைத்துக்கொள்ளலாம்.