தண்டுவடக் காயத்துக்கும் வயதாகிவிட்டது

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தில் அடிபட்டவர் என்றதும் நமக்குத் தோன்றுவது ஓர் இளைஞன். பைக்கில் பறந்தான், விழுந்தான், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இது பொய்யில்லை. சாலை விபத்து இன்றும் முக்கியக் காரணம்தான்; அடிபடுகிறவர்களில் ஆண்களே அதிகம். ஆனால் அந்த இளைஞனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பேர் நம் கண்ணில் படாமல் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் 1970-களில் இந்தக் காயம் பட்டவர்களின் சராசரி வயது 29. இப்போது 40-ஐத் தாண்டிவிட்டது. ஜப்பானில் 2018-ல் அடிபட்டவர்களைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் 70 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். அங்கே முதல் காரணம் வண்டியே இல்லை. சமதரையில் தடுக்கி விழுவது!

தரையில் விழுந்தால் தண்டுவடம் போகுமா என்று கேட்பீர்கள். வயதானால் கழுத்தெலும்பு தேய்ந்து, தண்டுவடம் போகும் பாதை பலருக்கு ஏற்கெனவே குறுகியிருக்கும். முகம் தரையில் மோதித் தலை பின்னால் மடங்கும்போது அந்தக் குறுகிய இடத்தில் தண்டுவடம் நசுங்கிவிடும். எலும்பு முறிய வேண்டியதே இல்லை. அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இந்த வகைக் காயத்தில் கால்களைவிடக் கைகள்தான் அதிகம் பாதிக்கப்படும். நடந்து வருகிறவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாது, டம்ளர் நழுவும். "வயசாச்சு, விழுந்த அதிர்ச்சி" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விழுந்த பிறகு கை மரத்துப்போனால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். தண்டுவடத்தையே காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே கதை இல்லை. ஏழை நாடுகளில் மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுகிறவர்கள் அதிகம். துப்பாக்கி மலிந்த இடத்தில் குண்டு. அப்புறம், ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதிப்பவர்கள் எங்கேயும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள்தான்.

காரணம் தெரிந்தால் தடுக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் தலையை முன்னால் நீட்டி எதிராளியை மோதுவதை 1976-ல் தடை செய்தார்கள். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அந்த ஆண்டு 34 பேருக்குக் கைகால்கள் செயலிழந்தன. 1984-ல் அது 5 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை, முக்கியமாக மாறியது விதிதான்.

சீட் பெல்ட்டுக்குச் சட்டம் போட்ட அரசுகள் குளியலறைக் கைப்பிடியை மட்டும் ஏன் வீட்டுக்காரர் விருப்பத்துக்கு விடுகின்றன? கட்டட விதியிலேயே அதைச் சேர்க்கலாம். படிக்கட்டில் வெளிச்சம், இருபுறமும் பிடிமானம், தலைசுற்ற வைக்கும் தூக்க மாத்திரைகளை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி மறுபரிசீலனை செய்வது, எதற்கும் பெரிய செலவில்லை. தண்டுவடத்தை மீண்டும் வளர வைக்கும் ஆய்வுக்குப் பணம் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு சிறு பங்கையாவது இந்தக் கைப்பிடிக்குத் திருப்புங்கள் என்கிறேன்.