இரக்கம் எல்லாருக்கும் கிடக்கு, ஆருக்கு எண்டதுலதான் பிரச்சினை

கொடுமை செய்றவனுக்கு நெஞ்சில ஈரமே இல்ல எண்டு நாம லேசாச் சொல்லிப்போட்டுப் போயிர்றம். எனக்கு அது சரியாப் படல்ல. இலங்கையில எங்கட கிழக்குல நடந்த கொடுமைகளத் தோண்டிப் பாத்தா அடியில ஆரோ ஒருத்தருக்காக அழுத அழுகை கிடக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசிங்க.

1961ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி மில்கிராம் எண்டவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். ஒராள் பிழையாப் பதில் சொல்லச் சொல்ல கரண்ட் ஷொக்கக் கூட்டிக்கூட்டிக் குடுக்கணும். ஷொக் பொய், ஆனா சுவிட்ச அமத்தினவங்களுக்கு அது தெரியாது. அந்த ஆள் சுவருக்கு அங்கால இருக்கக்குள்ள 40 பேரில 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. ஒரே அறைக்குள்ள இருத்தினா 16 பேர். அவர்ட கையப் புடிச்சி தகட்டுல வைக்கணும் எண்டா 12 பேர். கிட்டப் போகப் போக மனிசன் இளகுறான் எண்டு வாசிக்கக்குள்ள எனக்கு ஆறுதலாத்தான் இருந்திச்சு.

ஆனா எங்கட ஊருக்கு இந்தக் கணக்குச் சரிவரல்ல. 1990ல தமிழாக்களான எங்களுக்கும் முஸ்லிம் ஆக்களுக்கும் நடுவுல சுவர் எங்க இருந்திச்சு? ஒரே சந்தை, ஒட்டி ஒட்டி வயல், ஒராள்ட கடையில மத்தாள் கடனுக்குச் சாமான் வாங்கின சனம். அந்த ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள்ல இஷா எண்ட ராத் தொழுகை தொழுதுக்கிட்டு நிண்ட 100 பேருக்கும் மேல சுட்டுக் கொன்றது எங்கட பேரச் சொல்லி ஆயுதம் தூக்கின புலிகள், 11ஆம் திகதி ராவு ஏறாவூர்ல புள்ளைகளையும் விடல்ல, 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோவில்ல அகதியா ஒதுங்கின தமிழாக்களக் கொன்றது அரசாங்கம் ஆயுதம் குடுத்த ஊர்காவல் படையோட வந்த கூட்டம். எல்லாம் பத்து நாளுக்குள்ள. முகம் தெரிஞ்ச சனம்தான் ரெண்டு பக்கமும்.

அப்ப எது மனிசன இறுக்கினது? எண்ட அபிப்பிராயம், தன்ட ஆக்கள் மேல வச்ச இரக்கமே அதச் செஞ்சிது. "எங்கட புள்ளைகள என்ன பாடு படுத்தினாங்க" எண்ட கதை வீட்டுக்கு வீடு போகும், கேக்கிறவன் உண்மையா அழுவான், அந்த அழுகைக்குள்ளயே மத்தப் பக்கத்துப் புள்ள அவன்ட கண்ணுல புள்ளையாத் தெரியாமப் போயிரும். இரக்கத்தக் கூட்டுங்க எண்டு மேடையில பேசுறவங்க இதப் பத்தி ஏன் ஒரு சொல்லும் சொல்றல்ல எண்டு எனக்கு விளங்கல்ல.

நல்லதும் இதே சனத்துக்குள்ளதான் கிடக்கு. 2004 டிசம்பர் 26 கடல் வந்து அம்பாறை மாவட்டத்துல மட்டும் 10,000 பேருக்கும் மேல அள்ளிட்டுப் போகக்குள்ள கோயில், பள்ளிவாசல், சேர்ச் எண்டு பாக்காம எல்லாம் அகதி முகாமாச்சு. சோத்துப் பார்சல் குடுத்தவன் பேரக் கேட்டுக் குடுக்கல்ல. 90ல என்ன நடந்த எண்டு தெரியாத ஆக்களா அவங்க? எல்லாம் தெரியும், தெரிஞ்சிதான் குடுத்தாங்க. பிறகு, அடுத்த வருசம் ஜூன்ல நிவாரணத்துக்குப் பொதுக்கட்டமைப்பு எண்டு ஒண்டுக்கு அரசாங்கமும் புலிகளும் கையெழுத்து வைக்கக்குள்ள முஸ்லிம் ஆக்களுக்கு அதில கையெழுத்து வைக்க இடமில்ல. அவ்வளவு பேரப் பறிகுடுத்த சனத்த வெளியில நிக்க வச்சது பெரிய அநியாயம், அத நாம தமிழாக்கள் அண்டைக்கே சத்தமாச் சொல்லியிருக்கணும்.

இப்ப எனக்குப் பயம் புள்ளைகள நினைச்சித்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் வேற, முஸ்லிம் பள்ளிக்கூடம் வேற, கூட்டாளியும் வேற. மில்கிராம் அறைக்குள்ள வச்ச சுவர நாம முதலாம் வகுப்புலயே கட்டிர்றம். வீட்டுல கதை சொல்லக்குள்ள வீரமுனையச் சொல்ற வாயால காத்தான்குடியையும் ஏறாவூரையும் சொல்லுங்க, அங்கால இருக்கிறவங்களும் வீரமுனையச் சொல்லுங்க. கொன்றவன் ஆர் எண்டத மறைக்காமச் சொல்லுங்க. "அவங்க மட்டும் செய்யல்லியா" எண்டு புள்ள கேட்டா அந்த எடத்துல கதைய நிப்பாட்டிராம, செத்ததுல உன்ட வயசுப் புள்ளையும் இருந்திச்சு எண்டு சொல்லுங்க.