கன்பூசியஸ் இளவரசரா? இல்லவே இல்லை

"கன்பூசியஸ் அரண்மனையில பொறந்த இளவரசர், ஞானம் தேடி எல்லாத்தையும் துறந்துட்டு கிளம்பினவர்"னு ஒரு ஃபார்வர்ட் வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருக்கு. அது புத்தர் கதைங்க, ஆளை மாத்தி ஒட்டிட்டாங்க!

சீன தத்துவஞானி கன்பூசியஸ் பொறந்தது கி.மு. 551ல, லூ நாட்டுல, இப்போ சீனாவோட ஷான்டோங் மாகாணத்துல இருக்கிற சூஃபூ ஊர் பக்கம். அப்பா ஷூலியாங் ஹே ஒரு போர்வீரர், பையனுக்கு 3 வயசு இருக்கும்போதே இறந்துட்டாரு, அப்புறம் அம்மா யான் செங்சாய்தான் வறுமையில தனியா வளர்த்தாங்க. முன்னோர்கள் சோங் நாட்டு பிரபு வம்சம்னு சொல்றது உண்டு, ஆனா இவர் காலத்துல அந்தப் பெருமையெல்லாம் பேருக்குத்தான், குழப்பமே அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

அரண்மனைல வளர்ந்தவர் தானியக் கிடங்குல கணக்கு பார்ப்பாரா, ஆடு மாடு மேய்ச்சல மேற்பார்வை பண்ணுவாரா? இந்த ரெண்டு வேலையும் சின்ன வயசுல இவர் பார்த்ததா, இவர் வழியில பின்னாடி வந்த சீன தத்துவஞானி மென்சியஸ் சொல்றாரு. கன்பூசியஸோட பேச்சுகளை சிஷ்யர்கள் தொகுத்த அனலெக்ட்ஸ்ங்கிற புத்தகத்துல அவரே "சின்ன வயசுல எளிய நிலைமைல இருந்தேன், அதான் இந்த மாதிரி சாதாரண வேலைங்க நிறைய கத்துக்கிட்டேன்"ங்கிற அர்த்தத்துல சொல்லியிருக்காரு. துறவியும் கிடையாது, 19 வயசுல கல்யாணம், பையன் பேரு கோங் லீ.