வினிகரும் சோடாவும் தனித்தனியே போதும்
வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றினால் எந்தக் கறையும் போய்விடும் என்று வீட்டைச் சுத்தம் செய்வது பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நுரைத்து அடங்கியதும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன. மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான். குழாயில் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்பு மேடைக்குச் சோடா, அவ்வளவே. மார்பிள் தரையில் வினிகர் படவே கூடாது. மெருகு போய்விடும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார். நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் பெய்வதால் வாடகை வீட்டில் பெரிய தொல்லை சுவர்ப் பூஞ்சைதான். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, வெயில் அடிக்கும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்ததுதான் எங்களுக்குப் பலன் தந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை ஆசிடைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.