பேஷண்டைப் பாக்காதவர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

நர்ஸுங்க டாக்டர் கையெழுத்து இல்லாம மருந்து எழுதலாமான்னு நேத்து நடந்த டிஸ்கஷன்ல ஒரு டாக்டர் "நர்ஸுங்க குறுக்கு வழியில டாக்டர் ஆகப் பாக்கறாங்க"ன்னு சொன்னதுல இருந்து மனசே ஆறல. யாருங்க டாக்டர் ஆகணும்னு கேட்டா? நர்ஸ் பிராக்டிஷனருக்கு, அதாவது பேஷண்டைப் பாத்து மருந்தும் எழுதற நர்ஸ் வேலைக்கு, மாஸ்டர்ஸ் படிச்சேன், படிச்ச வேலையைச் செய்ய விடுங்கன்னுதான் கேக்கறேன்.

டெக்ஸாஸ்ல நான் ஒரு பிரஷர் மாத்திரை எழுதணும்னாகூட ஒரு டாக்டரோட அக்ரிமென்ட் இருக்கணும். எனக்குக் கையெழுத்து போட்டவர் வேற ஊர்ல இருக்கார், மாசம் ஒரு தடவ போன்ல பேசுவோம், மாசாமாசம் பணம் போயிடும், என் பேஷண்ட் ஒருத்தரைக்கூட அவர் பாத்தது கிடையாது. இதுக்குப் பேர் பாதுகாப்பா? பக்கத்துல நியூ மெக்சிகோ போனா இதே நான், இதே மாஸ்டர்ஸ், இதே போர்டு எக்ஸாம், எந்த டாக்டர் கையெழுத்தும் வேணாம். எல்லைக்கோட்டைத் தாண்டினதும் எனக்கு அறிவு கூடிடுதா?

"டாக்டருக்குப் படிப்பு ஜாஸ்தி"ம்பீங்க. ஜாஸ்திதான், யார் இல்லன்னா? என் கைக்கு மீறின கேஸை நானே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பிடறேன். "ஆபத்து"ம்பாங்க. 1316 பேஷண்ட்ஸை வச்சுப் பாத்த ஆய்வு 2000-லயே ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஆறு மாசத்துல டாக்டர்கிட்ட போனவங்களுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்கிட்ட போனவங்களுக்கும் உடல்நிலையில பெரிசா வித்தியாசம் இல்ல. கொரோனா அப்ப நியூயார்க்ல இந்த மாதிரி அக்ரிமென்ட் விதியை கவர்னரே நிறுத்தி வச்சார். ஆள் வேணும்னா நாங்க ஓகே, அவசரம் முடிஞ்சா குறுக்கு வழியா?

போன வருஷம் ஒரு பெரியவர், சர்க்கரை. சாக்ஸைக் கழட்டி உணர்ச்சி இருக்கான்னு பாக்கற நைலான் இழையால பாதத்துல பத்து இடம் தொட்டேன், ஒண்ணுகூடத் தெரியலன்னார். கட்டைவிரல் அடியில தோல் தடிச்சு செவந்திருந்துச்சு. உடனே ஸ்பெஷல் ஷூ வேணும். மெடிகேர்ல, அதான் பெரியவங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்ல, அதுக்கு டாக்டர் சர்டிஃபை பண்ணணும், என் கையெழுத்து செல்லாது. பேப்பர் சுத்தி வர்றதுக்குள்ள அந்த இடம் புண்ணாயிடுச்சு. ட்ரெஸ்ஸிங் பண்ணது நான். அவர் மககிட்ட பதில் சொன்னதும் நான்தான்.

இங்க சட்டசபை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, 140 நாள்தான். இந்த அக்ரிமென்ட் வேணாம்னு சொல்ற எங்க பில் ஒவ்வொரு தடவையும் பாதியிலயே படுத்துருது. எனக்குக் கையெழுத்து போட்ட டாக்டர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறார், வேற ஆள் இன்னும் கிடைக்கல. அக்ரிமென்ட் இல்லன்னா ஒரு மாத்திரை எழுத முடியாது. இன்னிக்கு அந்தப் பெரியவர் போன் பண்ணி அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்பன்னு கேட்டார், தேதி சொல்ல முடியல.